பள்ளிக்கு இன்னொரு வரியா? நவம்பர் வாக்குச்சீட்டில் பார்சல் டாக்ஸ்

கேள்வி (அக்டோபர் 8, 2024)

கலிபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் போன வருடம்தான் வீடு வாங்கினோம். ஒரு சதவீதம் சொத்து வரி கட்டியே முழி பிதுங்குகிறது. இப்போது பள்ளி மாவட்டம் (எங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பார்சல் டாக்ஸ், அதாவது மனைக்கு இவ்வளவு என்கிற வரி வேண்டும் என்று வாக்குச்சீட்டில் ஒரு மெஷர் (மக்கள் ஆம், இல்லை போட வேண்டிய தீர்மானம்) வைத்திருக்கிறது, வீட்டுக்கு வருடம் நூற்றுச் சொச்சம் டாலர். ஏற்கெனவே நாம் கட்டும் பணம் எங்கே போகிறது? இதற்கும் ஆம் போட்டால் அடுத்த வருடம் இன்னொன்று கேட்க மாட்டார்களா? இங்கே பல வருடம் இருப்பவர்கள் சொல்லுங்கள். நான் இல்லை பக்கம்தான் சாய்ந்திருக்கிறேன்.

அக்டோபர் 8, இரவு

முதலில் உங்கள் வரி பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பகுதி இருக்கும். மேலே அந்த ஒரு சதவீதம். அதன் கீழே வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன், அதாவது பாண்டுகள். அதற்கும் கீழே மதிப்போடு சம்பந்தமில்லாத நிலையான தொகைகள். பார்சல் டாக்ஸ் வந்தால் அங்கேதான் உட்காரும்.

அந்த ஒரு சதவீதம் முழுக்கப் பள்ளிக்குப் போவதில்லை. கவுன்டி, நகரம், பள்ளி, கல்லூரி, சில இடங்களில் தண்ணீர், தீயணைப்பு மாவட்டங்கள் என்று பிரிகிறது. பிரிக்கும் விகிதம் பெரும்பாலும் 1970களில் யாருக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதை வைத்து 1979-ல் போட்ட சட்டப்படிதான் இன்றும் ஓடுகிறது. உங்கள் நகரம் அப்போது பழத்தோட்டமாக இருந்திருக்கலாம், யாருக்கும் கவலை இல்லை.

போன வருடம் வாங்கினீர்கள் என்றால் சப்ளிமென்டல் பில், அதாவது வீடு கைமாறி மதிப்பு கூடியதற்கான தனி பில் வந்ததா? அது வரிக்காக வங்கி பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கில் பொதுவாகச் சேராது, நேராக உங்களுக்கு வரும். நம்மவர் பாதிப் பேர் விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். மெஷரை விடுங்கள், முதலில் அதைப் பாருங்கள்.

அக்டோபர் 9

"இருக்கும் வரியையே ஒழுங்காகச் செலவழித்தால் போதாதா" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு 1978-க்குப் போக வேண்டும்.

அந்த ஜூன் மாதம் ப்ராப் 13 சுமார் 65 சதவீத வாக்கோடு நிறைவேறியது. (ப்ராப் என்றால் ப்ரொபொசிஷன், மாநிலம் முழுக்க மக்கள் வாக்குக்கு விடும் தீர்மானம். இது மாநில அரசியல் சட்டத் திருத்தம்.) ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் இருவரும் முன்னின்று நடத்தியது. வரி விகிதம் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பு 1975-76 நிலைக்கு இறக்கப்படும். அதன்பின் ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏற்றலாம். வீடு கைமாறினால் அன்றைய விலைக்கு மறுபடி மதிப்பிடலாம். சொத்து வரி வருமானம் ஒரே அடியில் பாதிக்கு மேல் விழுந்தது. மாநிலம் வந்து தாங்கிப் பிடித்தது, பிடித்த கையை இன்றுவரை எடுக்கவில்லை. ஒரு பள்ளிக்கு எவ்வளவு என்பதை அன்றிலிருந்து பெரும்பாலும் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோதான் முடிவு செய்கிறது.

அதே திருத்தத்தில் இன்னொரு வரி இருக்கிறது, அதைத்தான் இப்போது நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்: உள்ளூரில் தனி நோக்கத்துக்கு எந்தப் புது வரி போட்டாலும் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேரில் 34 பேர் இல்லை என்றால் 66 பேர் ஆம் என்றாலும் முடிந்தது கதை. அந்த 65 சதவீத ப்ராப் 13 இந்த விதிக்குத் தானே உட்பட்டிருந்தால் தோற்றிருக்கும். இதைச் சொன்னால் என் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்க மாட்டார்.

கணக்குக்காக ஒன்று. 1985-ல் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கிய வீடு, வருடம் 2 சதவீதமாக ஏறி இன்று ஆவணத்தில் சுமார் மூன்றேகால் லட்சம். ஒரு சதவீதம் என்றால் 3,250 டாலர். அடுத்த வீட்டை நீங்கள் பதினெட்டு லட்சத்துக்கு வாங்கியிருந்தால் 18,000. ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளி. இது நியாயமா என்று ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்கிற லாஸ் ஏஞ்சலஸ் பெண் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய்க் கேட்டார். 1992-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் "செல்லும்" என்று சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 9, கொஞ்சம் கழித்து

லாட்டரிப் பணம் எல்லாம் பள்ளிக்குத்தானே என்று கேட்டவருக்கு: 1984-ல் அப்படிச் சொல்லித்தான் லாட்டரியைக் கொண்டு வந்தார்கள், பள்ளிக்குப் போவதும் உண்மை. ஆனால் பள்ளிகளின் மொத்தச் செலவில் அது ஒரு சதவீதம் சொச்சம்தான். சீட்டு வாங்குவதை நன்கொடைக் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

அக்டோபர் 11

கேள்வி கேட்ட நண்பர் மறுபடி எழுதியிருக்கிறார்: "எங்கள் பகுதியில் வீட்டு விலை இவ்வளவு ஏறியிருக்கிறதே, பள்ளிக்குத் தானாகவே வருமானம் கூடியிருக்குமே?"

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 2013-ல் வந்த நிதிச் சூத்திரப்படி ஒரு மாவட்டத்துக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. உள்ளூர் சொத்து வரி எவ்வளவு வந்ததோ அது போக மீதியைத்தான் மாநிலம் தரும். உள்ளூர் வரி பத்து டாலர் கூடினால் மாநிலம் பத்து டாலர் குறைத்துக்கொள்ளும். பள்ளிக்குக் கூடுதல் பூஜ்யம்.

விதிவிலக்கு, சொத்து வரியே அந்த நிர்ணயத் தொகையைத் தாண்டிவிடும் மாவட்டங்கள். பேசிக் எய்ட் என்பார்கள், பாலோ ஆல்டோ நல்ல உதாரணம். மிச்சத்தை அவர்களே வைத்துக்கொள்ளலாம். அங்கே வீட்டு விலை ஏறினால் பள்ளி உண்மையிலேயே பணக்காரப் பள்ளியாகிறது. ஐந்து மைல் தள்ளி இருக்கும் மாவட்டத்தில் அதே விலையேற்றம் காற்றோடு போகிறது.

பார்சல் டாக்ஸ் இந்தக் கழித்தல் கணக்கில் வராது. வசூலாவது அப்படியே மாவட்டத்தின் கையில் நிற்கும். ஆசிரியர் சம்பளத்துக்கும் போடலாம், நூலகருக்கும் போடலாம். இதனால்தான் திரும்பத் திரும்ப நம் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்குத் திறந்திருக்கும் வழி இது ஒன்றுதான் என்றே சொல்லலாம். (இன்னொன்று, பிள்ளைக்கு இவ்வளவு என்று கேட்கும் எஜுகேஷன் ஃபவுண்டேஷன் நன்கொடை. ஸ்கூல் திறந்த முதல் வாரத்திலேயே மெயில் வந்துவிடும். வசதியான பெற்றோர் உள்ள இடத்தில் மட்டும் ஓடுகிற வண்டி அது.)

அக்டோபர் 12

பணக்கார ஊர்ப் பள்ளிக்கும் ஏழை ஊர்ப் பள்ளிக்கும் இருந்த பண ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் போட்ட செரானோ வழக்கைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், நல்ல ஞாபகப்படுத்தல். ப்ராப் 13-க்கு முன்னால் எல்லாம் பொற்காலம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்போது பள்ளிக்கான பணம் பெரும்பாலும் உள்ளூர் சொத்து வரிதான். 1968-69-ல் பால்ட்வின் பார்க் மாவட்டம் ஒரு மாணவருக்குச் செலவழித்தது 577 டாலர், பெவர்லி ஹில்ஸ் 1,232 டாலர். வேடிக்கை என்னவென்றால் ஏழை ஊரான பால்ட்வின் பார்க்கில்தான் வரி விகிதம் இரண்டு மடங்குக்கும் மேல். அதிகம் கட்டி, குறைவாகப் பெற்றார்கள். 1971-ல் மாநில உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது.

"நம் வரி நம் பள்ளிக்கு வராது என்று ஆனதும் மக்கள் வரியையே வெட்டிவிட்டார்கள், ப்ராப் 13 வந்ததே இதனால்தான்" என்று ஒரு வாதம் உண்டு. நான் முழுதாக ஏற்கவில்லை. எழுபதுகளில் வீட்டு விலை ஏறிய வேகமும், ஓய்வூதியத்தில் இருந்தவர்களுக்கு வந்த பில்களும் போதும், செரானோ இல்லாமலேயே ஜார்விஸ் ஜெயித்திருப்பார்.

அக்டோபர் 14

ஞாயிறு முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் திட்டு.

பார்சல் டாக்ஸ் மீது எனக்குப் பல வருடமாக ஒரு கடுப்பு உண்டு. மனைக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. ஒற்றைப் படுக்கையறை காண்டோவுக்கும் (அடுக்குமாடி வீட்டுக்கும்) அதுதான், மலைமேல் நீச்சல் குளத்தோடு நிற்கும் மாளிகைக்கும் அதுதான், ஒரே மனையாகப் பதிவாகியிருந்தால் பெரிய கம்பெனி வளாகத்துக்கும் அதுதான். அலமீடாவில் 2008-ல் வணிகக் கட்டடங்களுக்கு வேறு விகிதம் வைத்துப் பார்த்தார்கள். வழக்கு போட்டார்கள், 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எல்லோருக்கும் ஒரே சீராக இருக்க வேண்டும் என்று சொல்லி அதை அடித்தது. பெர்க்லி சதுர அடிக்கு இவ்வளவு என்று 1986-லிருந்து ஓட்டிக்கொண்டிருக்கிறது, அது கொஞ்சம் தேவலை.

ஆனால் மேலே நான் போட்ட இரண்டு வீட்டுக் கணக்கையே பாண்டோடு வைத்துப் பார்த்தேன். 2000-ல் ப்ராப் 39 வந்த பிறகு பள்ளிக் கட்டட பாண்டுக்கு 55 சதவீதம் போதும். தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலைப் பள்ளி வரை சேர்ந்த ஒருங்கிணைந்த மாவட்டம் என்றால் ஒரு தேர்தலில் ஒப்புக்கொள்ளும் பாண்டுக்கு, மதிப்பில் ஒவ்வொரு லட்சம் டாலருக்கும் ஆண்டுக்கு 60 டாலர் வரை. இந்த மதிப்பு ஆவண மதிப்பு! அதாவது பதினெட்டு லட்சத்துக்கு வாங்கிய புது ஆள் 1,080 டாலர், 1985 ஆள் 195 டாலர். பார்சல் டாக்ஸில் இரண்டு பேரும் அதே நூற்றுச் சொச்சம்.

ஆக, ஏழை பணக்காரன் என்று பார்த்தால் பார்சல் டாக்ஸ் மோசம். புதிதாக வந்தவன், பழையவன் என்று பார்த்தால் என் பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சமமாகக் கட்டுகிற ஒரே வரி இதுதான். கேள்வி கேட்ட நண்பரே, நீங்கள் போன வருடம் வாங்கியவர். உங்களுக்கு வலிக்க வேண்டியது பாண்டு, இது இல்லை. ஆனால் பாண்டுக்கு நம்மவர்கள் யோசிக்காமல் ஆம் போடுகிறார்கள், புதுக் கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா.

அக்டோபர் 15

டெக்சஸ்காரர் வந்து "எங்கள் ஊரில் வருமான வரியே கிடையாது" என்று ஆரம்பித்துவிட்டார். தெரியும் சார், ஒவ்வொரு இழையிலும் சொல்கிறீர்கள். உங்கள் சொத்து வரி விகிதத்தையும் எழுதுங்களேன். அங்கேயும் வசதியான மாவட்டங்களின் உபரியை மாநிலம் பிடித்துக்கொள்கிறது, 1993-லிருந்து. ஊரெல்லாம் ராபின் ஹூட் என்று சொல்வது அதைத்தான். 2023 நவம்பரில் வீட்டுக்கான வரி விலக்கை 40,000-லிருந்து ஒரு லட்சம் டாலராக ஏற்றினீர்கள், பள்ளிக்கு அதனால் விழும் ஓட்டையை மாநிலம் அடைக்கிறது. உங்கள் மாநிலமும் எங்கள் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது, கொஞ்சம் தாமதமாக.

அக்டோபர் 17

விசா விஷயம். எச்1பி-யில் இருப்பவர் வீடு வாங்கலாம், பதினெட்டாயிரம் கட்டலாம், இந்த மெஷரில் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. குடியுரிமை வேண்டும். வாடகைக்கு இருக்கும் குடிமகன் வாக்களிக்கலாம், பில் அவர் பேருக்கு வராது. சான் பிரான்சிஸ்கோவில் 2016-ல் குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்கு கொடுத்தார்கள். உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான், வரி மெஷருக்கு இல்லை.

இதில் எனக்குப் புலம்ப உரிமை இல்லை, எனக்கு வாக்கு இருக்கிறது. ஆனால் எங்கள் பகுதியில் பள்ளிக்குப் பிள்ளை அனுப்புகிறவர்கள், புது விலைக்கு வரி கட்டுகிறவர்கள், வாக்குச்சீட்டு வராதவர்கள் மூன்றும் ஒரே கூட்டமாக இருப்பதை ஸ்கூல் வாசலில் நின்றாலே பார்க்கலாம். பிரசாரத்துக்கு வீடு வீடாகப் போகும் பி.டி.ஏ ஆட்கள் சொல்வார்கள்: கதவைத் திறந்து பத்து நிமிடம் ஆர்வமாகப் பேசுகிறவருக்கு வாக்கு இருக்காது, வாக்கு இருப்பவர் கதவையே திறக்க மாட்டார்.

வாடகைக்காரர்களைப் பற்றி இளக்காரமாக எழுதியவருக்கு: வரி கடைசியில் வாடகையில் ஒரு பங்காவது ஏறத்தான் செய்யும். "அவர்கள் சும்மா ஆம் போடுகிறார்கள்" என்று சொல்லாதீர்கள்.

அக்டோபர் 18

"எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று யார் பார்ப்பது?" நியாயமான கேள்வி. ப்ராப் 39 பாண்டு என்றால் குடிமக்கள் கண்காணிப்புக் குழு கட்டாயம், ஆண்டு தணிக்கை கட்டாயம், சம்பளத்துக்குத் தொடக்கூடாது. நான் அப்படி ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். பார்வையாளர் வரிசையில் நான் ஒரு ஆள். கூரை ஒப்பந்தம் ஏன் கூடியது என்று கேட்டதற்கு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் பிறகு மெயிலில் வந்தது, ஒழுங்கான பதில்தான். கேட்க ஆள் இல்லாததுதான் பிரச்சினை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சான் டியேகோ பக்கம் போவே மாவட்டத்தைத் தேடிப் படியுங்கள். 2011-ல் சுமார் 105 மில்லியன் டாலர் கடன். பல வருடம் ஒரு பைசா கட்ட வேண்டாம் என்ற ஏற்பாடு, வட்டி குட்டி போட்டுக் கடைசியில் திருப்பித் தர வேண்டியது கிட்டத்தட்ட ஒரு பில்லியன். இதெல்லாம் வெளியே வந்த பிறகு 2013-ல் சட்டம் போட்டு, இப்படிப்பட்ட பாண்டில் திருப்பித் தரும் மொத்தம் அசலைப் போல நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்றார்கள். நான்கு மடங்கே உங்களுக்கு அதிகமாகத் தெரிகிறதா? எனக்கும்தான்.

பார்சல் டாக்ஸில் கடன் கிடையாது, அதனால் இந்த ஆபத்து இல்லை. வந்ததைச் செலவழிப்பார்கள். எத்தனை வருடம், வருடா வருடம் ஏறுமா, முதியோர் விலக்கு உண்டா, இந்த மூன்றும் மெஷரின் முழு வாசகத்தில் இருக்கும். வாக்குச்சீட்டில் இருக்கும் 75 வார்த்தைச் சுருக்கத்தை மட்டும் படிக்காதீர்கள், அதை எழுதிக் கொடுக்கத் தனித் தொழிலே இருக்கிறது.

அக்டோபர் 20

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் பணம் சம்பந்தப்பட்டதுதான். மாநிலம் தலைக்கு இவ்வளவு என்று தருகிறது என்றேன் இல்லையா, அந்தத் தலை பள்ளிப் பதிவேட்டில் உள்ள தலை இல்லை, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் தலை. சராசரி தினசரி வருகையை வைத்துத்தான் கணக்கு. டிசம்பர் டிக்கெட் விலைக்குப் பயந்து ஒரு வாரம் முன்னாலேயே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பி, பொங்கல் முடித்துத் திரும்புகிற நம் வழக்கம் மாவட்டத்துக்கு நேரடி நஷ்டம். கிளம்பும் முன்பு இன்டிபென்டன்ட் ஸ்டடி (வகுப்புக்கு வராமலே படிக்கும் ஏற்பாடு) ஒப்பந்தம் போட்டு, கொடுத்த வேலையைப் பிள்ளை செய்து வந்தால் அந்த நாட்கள் வருகையாகச் சேரும். ஆபீசில் கேளுங்கள், ஒரு படிவம்தான். பேசிக் எய்ட் மாவட்டத்தில் இதனால் பணம் போகாது, ஆனாலும் கேளுங்கள்.

பார்சல் டாக்ஸுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் லீவு போடுகிற நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. இதைப் படிப்பார், படிக்கட்டும்.

அக்டோபர் 23

"கம்பெனிகளிடம் வாங்க வேண்டியதுதானே" என்ற கருத்துக்கு நிறைய விருப்பக்குறி விழுந்திருக்கிறது. 2020 நவம்பரில் அதைத்தானே ப்ராப் 15 கேட்டது. மூன்று மில்லியன் டாலருக்கு மேல் வணிகச் சொத்து வைத்திருப்பவர்களுக்குச் சந்தை மதிப்பில் வரி, வீடுகளைத் தொடவே இல்லை. ஆண்டுக்கு ஆறரை முதல் பதினொன்றரை பில்லியன் வரை வரும் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 52-க்கு 48 என்று தோற்றது. அதே சீட்டில் ப்ராப் 19 ஜெயித்தது: பெற்றோரின் பழைய மதிப்பைப் பிள்ளைகள் அப்படியே சுவீகரித்து வீட்டை வாடகைக்கு விடும் வசதி 2021 பிப்ரவரியோடு போயிற்று. இனி அந்தப் பிள்ளையே அங்கே குடியிருக்க வேண்டும், அதற்கும் வரம்பு உண்டு. அரை அடி முன்னேற்றம்.

அந்த வருடம் மார்ச்சில் இன்னொரு கூத்து. பள்ளிக் கட்டடங்களுக்குப் பதினைந்து பில்லியன் மாநில பாண்ட் ஒன்று வந்தது. எண் சுழற்சியில் அதற்குக் கிடைத்த எண் 13! 1978 சமாச்சாரத்தை மறுபடி கிளறுகிறார்கள் என்று பயந்து இல்லை போட்ட ஆட்களை எனக்கே தெரியும். தோற்றது. அதனால் மட்டுமே தோற்றது என்று சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 24

இந்த முறை சீட்டில் ப்ராப் 2, ப்ராப் 5 இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2 என்பது பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்குப் பத்து பில்லியன் மாநில பாண்ட். 5 வீட்டுவசதி, உள்கட்டமைப்பு பாண்டுகளுக்கு மூன்றில் இரண்டை 55 ஆக இறக்கக் கேட்பது, பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் பார்சல் டாக்ஸ் இரண்டிலும் வராது, சீட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத்து போட்ட மெஷராக இருக்கும். அதுவரை வருவதற்குள் பாதிப் பேர் களைத்துப் போய்விடுகிறார்கள்.

அக்டோபர் 27

"கடைசியில் நீ என்ன போட்டாய்?" ஆம். சந்தோஷமாகப் போடவில்லை. காண்டோக்காரரிடமும் கம்பெனியிடமும் ஒரே தொகை வாங்குவது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தப்பைச் செய்தது பள்ளி இல்லை. 1978-ல் மற்றக் கதவுகளைப் பூட்டியவர்கள் மேல் உள்ள கோபத்தை எங்கள் பள்ளியின் நூலகர் மேல் காட்டினால், மறுநாள் ப்ராப் 13 அப்படியே இருக்கும், நூலகர் இருக்க மாட்டார்.

இல்லை போடுகிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஓய்வூதியத்தில் இருந்து, விலக்குக்கு வயது வராமல் நிற்பவர்களுக்கு இது நிஜமான தொகை. பதினெட்டு லட்சத்துக்கு வீடு வாங்கிவிட்டு நூறு டாலருக்கு ஏழு பக்கம் எழுதியவரோடு மட்டும் கொஞ்சம் உண்டு.

நவம்பர் 8

மாநில அளவில் 2 ஜெயித்துவிட்டது, 5 தோற்றுவிட்டது. எங்கள் மெஷர் மூன்றில் இரண்டுக்குக் கொஞ்சம் மேலே போவதும் கீழே வருவதுமாக நிற்கிறது. தபாலில் வந்தவை இன்னும் எண்ணுகிறார்கள், தினமும் மாலை கவுன்டி புது எண் போடும். யாருக்காவது கையெழுத்து பொருந்தவில்லை என்று கவுன்டியிலிருந்து கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் ஒரு கையெழுத்து, லைசன்சில் ஒரு கையெழுத்து வைத்திருப்பவர்கள்.

நவம்பர் 26

ஜெயித்துவிட்டது, மயிரிழையில். கேள்வி கேட்ட நண்பர் தான் இல்லை போட்டதாகத் தனியாக எழுதியிருந்தார், பரவாயில்லை. இந்த வருடப் பில்லில் இது இருக்காது, டிசம்பர் 10-க்குள் கட்ட வேண்டிய முதல் தவணையைப் பழைய கணக்கிலேயே கட்டுங்கள்.

டிசம்பர் 3

முதியோர் விலக்கு பற்றி மூன்று பேர் கேட்டிருப்பதால்: எங்கள் மெஷரில் 65 வயது ஆனவர், வீடு அவர் பேரில் இருக்க வேண்டும், அங்கேயே குடியிருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அப்பா அம்மாவை வைத்துக் கேட்க முடியாது, பத்திரத்தில் அவர்கள் பேர் இருந்தால் ஒழிய. தானாக வராது, விண்ணப்பம் போட வேண்டும், கவுன்டிக்கு இல்லை, பள்ளி மாவட்ட ஆபீசுக்கு. ஒரு தடவை போட்டால் போதுமா, வருடா வருடமா என்பது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள். என் பக்கத்து வீட்டுக்காரருக்குப் படிவத்தை நானே அச்செடுத்துக் கொடுத்தேன். ஆக அவர் இதையும் கட்டப்போவதில்லை.